பிரதி எடுத்தவர்கள்: எண்ணெய் வண்ணம் வந்த வழி பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் தொண்ணூறுகளில் அதிகம் அடிபட்ட சொல் ‘பிரதி’. ஆசிரியனிடமிருந்து விலகி நிற்பது, வாசிக்கிறவன் கையில் உருவாவது என்றெல்லாம் அதற்கு விளக்கம் எழுதப்பட்டது. அந்த விளக்கங்களைப் படித்துத்தான் என் தலைமுறை கோட்பாடு கற்றது. தாலுகா ஆபீஸில் ‘ரெண்டு பிரதி எடுத்துட்டு வாங்க’ என்று சொல்கிறவருக்கோ அது வெறும் நகல். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் தெரியும்: ஏட்டுப் பிரதி. சங்கப் பாடல் எதுவும் புலவனின் கையெழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. ஓலை சில நூறு வருஷத்துக்கு மேல் தாங்காது. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். ஒடிவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினார். அந்தக் கைகள் ஓய்ந்திருந்தால் உ.வே. சாமிநாதையர் ஒப்புநோக்க ஒரு ஏடும் மிஞ்சியிருக்காது.

ஆக, இலக்கியத்தில் பிரதி செய்தவனுக்குக் கும்பிடு போடுகிறோம். ஓவியத்தில் மட்டும் ‘காப்பி’ என்பது வசை. காலண்டர் ஓவியர், பேனர் ஓவியர், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் எல்லோரையும் அந்த ஒரே சொல்லால் கலை வரலாற்றுக்கு வெளியே தள்ளிவிட முடிகிறது. ‘அவர் சும்மா காப்பிதான் சார் பண்ணுவார்’ என்றால் பேச்சு முடிந்தது.

இந்தச் சொல்லை நம்பாமல் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால மத ஓவியங்களைப் பார்த்து எழுதி எழுதியே எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் கற்றது என்ன, அவர்களுக்கு மறைக்கப்பட்டது என்ன, கற்றதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்ன? என் வாதம் இதுதான்: ஓவியத்தின் மேற்பரப்பு எல்லோருக்கும் காட்டப்பட்டது. அது செய்யப்பட்ட விதம் காட்டப்படவில்லை. குரு கிடைக்காதவன் மறைக்கப்பட்டதை எடுத்துக்கொள்ள இருந்த ஒரே வழி பிரதி எடுப்பது.

2

முதலில் ‘மூலம்’ என்று நாம் பயபக்தியோடு சொல்வதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கும் படம் எது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். லியனார்டோ டா வின்சியின் கடைசி இராவுணவு. மிலானில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1495 முதல் 1498 வரை எழுதியது. ஈரச்சுண்ணாம்பில் வேகமாக எழுத வேண்டியிருக்கும் வழக்கமான சுவரோவிய முறை அவருக்குச் சரிப்படவில்லை. நிதானமாக எழுத வேண்டும் என்று காய்ந்த சுவர்மேல் சொந்தமாக ஒரு சேர்மானத்தைச் சோதித்தார். சோதனை தோற்றது. அவர் உயிரோடு இருக்கும்போதே வண்ணம் உதிர ஆரம்பித்தது. 1652-இல் அந்தச் சுவரில் கதவு வைக்க இடித்ததில் இயேசுவின் பாதங்கள் போய்விட்டன.

நமக்கு அந்தப் பாதங்கள் எப்படித் தெரியும்? பிரதிகளால். 1520 வாக்கில் ஜியாம்பியட்ரினோ என்ற சீடர் கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் ஏறக்குறைய அசல் அளவிலேயே ஒரு பிரதி எழுதினார். யூதாஸ் கை பட்டுக் கவிழ்ந்த உப்புக் கிண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. மிலான் சுவரை இருபது வருஷத்துக்கு மேல் சீரமைத்து 1999-இல் முடித்தபோது நிபுணர்கள் ஒப்புநோக்கியது இந்தப் பிரதியைத்தான். ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர் செய்கிற அதே வேலை. உலகத்துக்கு இந்தப் படம் பரவலாகத் தெரிய வந்ததும் அச்சால்தான். 1800-இல் மோர்கென் என்ற செதுக்கோவியர் வெளியிட்ட படம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அவரும் சுவரைப் பார்த்துச் செதுக்கவில்லை. வேறொருவர் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துச் செதுக்கினார்.

இன்னொன்று. ரஃபேல் 1512-இல் எழுதத் தொடங்கிய சிஸ்டைன் மடோன்னா, இத்தாலியில் பியாசென்சா ஊர்க் கோயில் ஒன்றுக்காக எழுதப்பட்டது. 1754-இல் சாக்சனி மன்னர் அதை விலைக்கு வாங்கி டிரெஸ்டனுக்குக் கொண்டுபோனார். கோயிலில் ஒரு பிரதி வைக்கப்பட்டது. அந்த ஊர் ஜனங்கள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பிரதிக்கு முன்னால்தான் மண்டியிடுகிறார்கள். ரஃபேலே பெருஜினோவின் கீழ் இருந்து குருவைப் போலவே எழுதிப் பழகியவர். குருவின் படம் எது, சீடனின் பிரதி எது என்று தெரியாது என்று வசாரி எழுதிவைத்திருக்கிறார். 1400 வாக்கில் சென்னினி எழுதிய தொழில் கையேடும் மாணவனுக்குச் சொல்வது இதைத்தான்: நல்ல ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக்கொள், அவர் செய்ததைத் திரும்பத் திரும்பச் செய். அங்கே பிரதி எடுப்பது பள்ளிக்கூடம். இங்கே வந்ததும் அது திருட்டாகிவிட்டது. இந்த மாற்றம் எங்கே நடந்தது?

3

ஐரோப்பியப் படங்கள் இந்தியாவுக்கு வந்தபோது வந்தது பெரும்பாலும் கோடுதான், வண்ணமல்ல. 1580-இல் யேசு சபைப் பாதிரிமார் அக்பரின் ஃபதேபூர் சிக்ரிக்குப் போனார்கள். ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்ட பல மொழி பைபிளைக் கொண்டுபோனார்கள். அதில் செதுக்குப் படங்கள் இருந்தன. மாதாவின் வண்ண ஓவியப் பிரதியும் கூடப் போயிற்று. அரண்மனை ஓவியர்கள் அவற்றைப் பார்த்து எழுதினார்கள். 1600-இல் அபுல் ஹசன் என்ற பதின்மூன்று வயதுப் பையன் ஜெர்மானிய ஓவியர் டியூரரின் 1511-ஆம் ஆண்டுச் சிலுவைப்பாட்டுப் படத்திலிருந்து யோவானை மட்டும் பிரித்தெடுத்து வரைந்தான். அந்தக் கோட்டுச் சித்திரம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அந்தப் பையன் பின்னால் ஜஹாங்கீரிடம் ‘காலத்தின் அதிசயம்’ என்று பட்டம் வாங்கினான்.

1616-இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ தன்னிடமிருந்த சிறிய ஆங்கில ஓவியம் ஒன்றை ஜஹாங்கீரிடம் காட்டினார். அரண்மனை ஓவியர் அதற்கு ஐந்து பிரதிகள் செய்தார். ஆறையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைத்து ‘உம்முடையது எது?’ என்று கேட்டபோது, கொஞ்சம் திணறித்தான் தன்னுடையதைக் கண்டுபிடித்ததாக ரோ எழுதியிருக்கிறார். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம்.

முகலாய ஓவியன் உருவத்தை எடுத்துக்கொண்டான். நிழல், தொலைவு, துணி மடிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். ஆனால் அவன் எழுதியது தாளில், நீர் சேர்த்த கனவண்ணத்தில். எண்ணெய் வண்ணம் அவன் கைக்கு வரவில்லை. ஏன் என்றால், எண்ணெய் வண்ணம் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் மெதுவாகக் காயும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிக்கும். கடைசியில் கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சுகள். வெளிச்சம் அவற்றின் வழியாக உள்ளே போய், வெள்ளை அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. மாதாவின் கன்னம் உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். முடிந்த படத்தில் இந்த அடுக்குகள் எதுவும் தனியாகத் தெரியாது. அச்சில் சுத்தமாகத் தெரியாது.

இந்த நுட்பம் வான் ஐக் என்ற பிளெமிஷ் ஓவியரின் கண்டுபிடிப்பு என்று வசாரி கிளப்பிவிட்ட கதை ரொம்ப நாள் ஓடிற்று. 2008-இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் பௌத்தக் குகைகளை ஆராய்ந்தவர்கள், ஏழாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் உலரும் எண்ணெய் கலந்த வண்ணங்களைக் கண்டார்கள். அக்ரூட் அல்லது கசகசா எண்ணெயாக இருக்கலாம் என்கிறார்கள். ஐரோப்பா கண்டுபிடித்து நமக்குப் பிச்சை போட்டது என்ற கதையாடல் அதோடு ஆட்டம் கண்டது. ஆனாலும் அந்தப் பழைய ஆசிய முறைக்கும் நம் ஓவியர்களுக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கற்றவர்கள் புதிதாகத்தான் கற்றார்கள்.

4

சென்னைக்கு வருவோம். ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தில் பீடத்துக்கு மேலே ஒரு பெரிய கடைசி இராவுணவு இருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாது. ரஃபேல் பள்ளியின் சாயல் என்பார்கள். 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப்பொருளாக வந்தது என்பது சொல்லப்பட்டு வரும் வரலாறு. பெயர் தெரியாத ஒருவர் ஒரு மரபைப் பார்த்து எழுதிய படம், பிரெஞ்சுக்காரனிடமிருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்ட படம், கோட்டைக்குள் வெள்ளைத் துரைமார் வழிபட்ட படம். கறுப்பர் நகரத்தில் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தவருக்கு அதன் முன்னால் பலகை போட்டு உட்கார என்ன வழி இருந்திருக்கும்? பாரிஸின் லூவர் அரண்மனை புரட்சிக்குப்பின் மியூசியமானபோது பிரதி எடுக்கும் மாணவர்களுக்கென்றே நாட்கள் ஒதுக்கினார்கள். நமக்கு அந்த நாட்கள் கிடைக்கவில்லை.

கல்கத்தாவில் 1787-இல் ஜோஹன் ஸோஃபனி என்ற ஐரோப்பிய ஓவியர் புனித ஜான் தேவாலயத்துக்கு ஒரு கடைசி இராவுணவு எழுதினார். இயேசுவுக்கு ஊரில் இருந்த கிரேக்கப் பாதிரியார் முகம், யூதாஸுக்கு ஏலக்கடைக்காரர் ஒருவர் முகம் என்பார்கள். பக்கத்தில் ஓர் எச்சில் படிக்கமும் உண்டு. இது ஸோஃபனியின் குறும்பு, சுதந்திரம் என்று கலை வரலாறு புன்னகையோடு எழுதுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியை 1855-இல் அரசு ஏற்றுக்கொண்டது. அந்தப் பள்ளியின் நோக்கம் ரஃபேல்களை உருவாக்குவது அல்ல. வரைபடக்காரர்கள், செதுக்குகிறவர்கள், மண்பாண்ட அலங்காரம் செய்கிறவர்கள் வேண்டியிருந்தது. தட்டைப் படங்களையும் பாரிஸ் சாந்து வார்ப்புகளையும் பார்த்து வரைவது பாடம். அதாவது பிரதி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் கோடு வரைக்கும்தான். ஐரோப்பிய மாணவன் பிரதி எடுத்தால் அது ஒரு நாள் தானே எழுதப்போவதற்குப் பயிற்சி. இங்கே பிரதி எடுப்பதே தொழில், அதுவே முடிவு. நான் மேலே கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. முதலில் பிரதியாளனாகவே இருக்கும்படி ஒருவனைப் பயிற்றுவிப்பது, பிறகு ‘நீ வெறும் பிரதியாளன்’ என்பது.

5

மறைத்தல் பற்றிய கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது ரவி வர்மாவின் கதை. 1862-இல் பதினான்கு வயதில் கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணி தெரிந்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு. எண்ணெய் வண்ணம் தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கரும் மதுரைக்காரர்தான். அவர் பையனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் சேர்மானங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கவில்லை, வேலை செய்யும்போது பார்க்க மட்டும் விட்டார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மா தங்கப் பதக்கம் வாங்கினார்.

இந்தக் கதை எழுதப்படும் இடங்களிலெல்லாம் ராமசாமி நாயக்கர் வில்லன். பொறாமைக்காரர். நாம் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நின்று பார்ப்போம். கற்க வந்தவர் யார்? அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட வீட்டுப் பிள்ளை. மறுத்தவர் யார்? அரண்மனைச் சம்பளத்தில் இருந்த தொழில்காரர். அவருக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது. அடுக்குகளின் ரகசியம் ஒன்றுதான் அவருடைய சொத்து. அதை வீட்டுக்காரப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை? அதே அரண்மனையில் ஜென்சனும் மறைத்தார். ஆனால் நாயக்கர் மறைத்தால் பொறாமை, துரை மறைத்தால் தொழில் கௌரவம். ஆறுமுகம் பிள்ளை இந்த வரலாற்றில் ஒரு வரியில் வந்து போகிறார். தென்னிந்தியாவின் மிகப் பெரிய எண்ணெய் ஓவியருக்கு எண்ணெயைக் காட்டியவர் அவர்.

நாயக்கரைப் புனிதராக்க நான் வரவில்லை. வித்தையைக் குலத்துக்குள் பூட்டிவைக்கும் பழக்கம் நம் சமூகத்தில் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியது என்று நமக்குத் தெரியும். பூட்டு இருக்கிறது என்பதால்தான் பிரதி எடுப்பது ஓர் அரசியல் காரியமாகிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். எண்ணெய் ஓவியம் மாதிரியே பளபளக்கும் கல்லச்சுப் படங்கள் ஊர் ஊராகப் போயின. லட்சுமியும் சரஸ்வதியும் கோயிலுக்குள் நுழைய முடியாதவன் குடிசைக்கும் வந்தார்கள். இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அடுக்குகள் மறுபடி மறைந்துவிட்டன. ரகசியமாகக் கற்றவரின் படம் மேற்பரப்பாக மட்டும் விநியோகமானது. அதைப் பார்த்து எழுதக் கற்ற கிராமத்து ஓவியன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கியவர்களை ஒரு பட்டறையாகச் சேர்த்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதினார். பிறகு கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களை வைத்துக்கொண்டு எழுதினார். சிவகாசி அச்சகங்கள் அவர்களுடைய முருகனையும் மீனாட்சியையும் தமிழ்நாடு முழுக்கச் சுவரில் மாட்டின. அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டார்கள். நாயக்கருக்கும் ஜென்சனுக்கும் எதிரான பாடம் அது. கலை விமர்சகர்கள் இன்னமும் இதை ‘காலண்டர் ஆர்ட்’ என்று மூன்றாம் பந்தியில் உட்காரவைக்கிறார்கள்.

6

மணவூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். பேனர், கடைப் பலகை, கட்சித் தலைவர்கள் படம் எழுதிப் பிழைத்தவர். திருத்தணிப் பக்கம் 1960 வரை ஆந்திராவில் இருந்த வட்டாரம் என்பதால் இவருடைய வாத்தியார் காலத்தில் பலகைகளைத் தெலுங்கிலும் எழுத வேண்டியிருந்ததாம். இவரும் இரண்டு எழுத்திலும் எழுதுவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போயிற்று. கையில் எனாமல் பழக்கம் இருந்தது, எண்ணெய் வண்ணம் தெரியாது. அதைக் கற்றுக்கொண்டே தீர்வது என்று ஒரு பழைய காலண்டரிலிருந்து கடைசி இராவுணவை எடுத்துக்கொண்டார். இவர் கிறிஸ்தவர் இல்லை. ‘பதிமூணு மூஞ்சி, இருபத்தாறு கை. இதைப் போட்டுட்டா எதை வேணா போடலாம்ல’ என்பது அவர் சொன்ன காரணம்.

காலண்டரில் பென்சிலால் கட்டம் போட்டார். கித்தானில் பெரிய கட்டம். உருவம் வந்துவிட்டது, அது அவருக்குக் கைவந்த வேலை. நிறம் வரவில்லை. காலண்டரில் இருப்பதைப் போலவே கலந்து அப்பினால் முகம் சுவரொட்டி மாதிரி செத்துக் கிடந்தது. ‘மேல கலர் தெரியுது சார். அடியில என்ன இருக்குன்னு எவன் சொல்லுவான்?’ ராமசாமி நாயக்கர் கதையை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்து அதே கேள்வியை அவர் கேட்டார்.

முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழுப்பிலும் வெள்ளையிலும் மட்டும் முழுப் படத்தையும் ஒருமுறை எழுதினார். காயவிட்டார். அதன்மேல் எண்ணெய் கூட்டி, நிறத்தைத் தண்ணீர் மாதிரி தடவினார். அதைக் காயவிட்டு மறுபடி. ஒரு பருவமழை முழுக்கக் காயவே இல்லை, பூஞ்சை பிடித்தது, துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தார். வெளிச்சமும் நிழலும் முதலில், நிறம் அப்புறம் என்பது வெனிஸிலும் பிளாண்டர்ஸிலும் பட்டறைகளில் பரம்பரையாகச் சொல்லிக்கொடுத்த பாடம். இவர் அதை மட்டமான நாலு கலர் அச்சிலிருந்து, யாரும் சொல்லாமல் வந்தடைந்தார். அச்சில் இல்லாததைக் கண்டுபிடித்தால்தான் அச்சைப் பிரதி எடுக்கவே முடியும். இதற்குக் ‘காப்பி’ என்று பெயர் வைக்கிறவர்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.

இனி என்னைச் சங்கடப்படுத்துகிற பகுதி. நுட்பத்தோடு கூடவே வேறொன்றும் வருகிறது: தோல். சென்னினியின் கையேட்டில் முகத்துக்குக் கணக்கு இருக்கிறது. பச்சை மண் அடிப்பூச்சு, மேலே இளஞ்சிவப்பு. ஐரோப்பியத் தோலுக்கு உண்டான கணக்கு அது. மடோன்னாவைப் பார்த்துத் தோல் எழுதக் கற்றவன் அதே கணக்கில் லட்சுமியை எழுதினான், வள்ளியை எழுதினான். தினைப்புனத்தில் வெயிலில் நின்ற குறத்தி ரோஜா நிறத்தில் காலண்டரில் நிற்கிறாள். கடவுளை விடுங்கள். நம் இயக்க அலுவலகங்களில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படங்களைப் பாருங்கள். நீலக் கோட்டுக்கு மேலே அதே ரோஸ் கன்னம். சாதியை ஒழிக்கிற கூட்டத்தின் மேடையில் சாதியின் நிறக்கணக்கு ஆணியடித்து மாட்டியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. கைக்குப் பாடமானது அது.

மணவூர்ப் பெரியவர் இதைக் கவனித்திருந்தார். ‘மாநிறத்துக்கு எந்தப் புஸ்தகத்துலயும் கணக்கு இல்ல சார். நானாத்தான் போட்டுப் பார்த்தேன்’ என்றார். அடியில் பச்சைக்குப் பதில் நீலம் கலந்த பழுப்பு, மேலே மஞ்சள் மண், மினுமினுப்புக்கு வெள்ளை போடாமல் லேசான ஊதா. வியர்த்த கருத்த தோலில் வானம்தான் மின்னும், வெள்ளையடித்த மாதிரி மின்னாது என்பது அவர் பார்த்து வைத்திருந்த விஷயம். பன்னிரண்டு சீடர்களில் ஒருவரை இந்தக் கணக்கில் எழுதினார். தன் அப்பாவின் நிறம், அப்பாவின் கைகள். அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சீடர்களில் மீன் பிடித்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார், அதனால் தப்பில்லை என்று நினைத்தார்.

படத்தை வாங்கிக்கொள்வதாக ஒருவர் முன்பணம் கொடுத்திருந்தார். வந்து பார்த்துவிட்டு ‘எல்லாரையும் ஒரே கலரா பண்ணிக் குடுத்துடுங்க’ என்றார். பெரியவருக்குப் பணம் தேவைப்பட்டது. மெல்லிய வெளிர்ப் பூச்சு ஒன்றை அந்த முகத்தின் மேலும் கைகளின் மேலும் கொடுத்தார். இப்போது பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ‘அடியில அப்பா அப்படியேதான் இருக்காரு’ என்று மட்டும் சொன்னார்.

ஸோஃபனி ஏலக்கடைக்காரரை யூதாஸாக்கியது சுதந்திரம். இவர் அப்பாவைச் சீடராக்கியது பிழை. பிரதிக்கும் படைப்புக்கும் இடையில் கோடு போடுகிறவர் கை யாருடையது என்பது இங்கே வெட்டவெளிச்சம். எண்ணெய் வண்ணத்துக்கு ஒரு குணம் உண்டு. பல காலம் ஆனபின் மேல்பூச்சு சற்றே தெளிந்து, அடியில் எழுதி மறைத்தது மெல்ல வெளியே வரும். ஐரோப்பிய ஓவியங்களில் மறைந்த கைகளும் முகங்களும் இப்படி வெளிவந்திருக்கின்றன. இத்தாலிய மொழியில் இதற்குப் பென்டிமென்டோ என்று பெயர்.

7

மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரின் ஊர். அங்கிருந்து போன நடராசர் செப்புத்திருமேனி எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. 1913-இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடன், சென்னை மியூசியத்து நடராசர்களின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அவர் இறந்தபின் 1921-இல் அது அச்சேறியது. ரோடன் சிலையை நேரில் பார்த்ததில்லை. பார்த்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படம், அதாவது ஒரு பிரதி. ஆனாலும் அது ஒரு மேதையின் தரிசனம் என்று கொண்டாடப்படுகிறது, கொண்டாடட்டும். மணவூர்க்காரர் காலண்டரைப் பார்த்து லியனார்டோவை நெருங்கினால் மட்டும் அது ஏன் காப்பி?

அதே திருவாலங்காட்டில்தான் 1905-இல் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. அரசனின் ஆணையைச் செம்பில் பெயர்த்து வெட்டிய பிரதி அது. வெட்டியவர்களின் பெயர்களும் அதிலேயே இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரதி செய்தவன் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடிந்திருக்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள். வழிநூல் என்பது வசை இல்லை. முன்னோன் சென்ற தடத்தில் சென்று, பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய மாறுதலையும் செய்துகொள்வதற்கு அதில் இடம் விட்டிருக்கிறார்கள். மாற்றுகிற உரிமை சேர்ந்தால்தான் அது வழிநூல். கொண்டையராஜு பட்டறையையும் பேனர் ஓவியர்களையும் டிராயிங் மாஸ்டர்களையும் படிக்க இந்தப் பழைய சொல் போதும். அவர்களுடையவை வழி ஓவியங்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்டது கற்பனை இல்லை. மாற்றும் உரிமையும் பெயரும்தான் மறுக்கப்பட்டன.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. கையால் எழுதிப் பிழைத்த தலைமுறை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. வயதாகிவிட்டது. நம் கூட்டங்களுக்குச் சுவரெழுத்து எழுதியவர்கள், பெரியாரையும் மார்க்ஸையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த நிறத்தோடு எதைச் சேர்த்தார்கள், கருத்த தோலுக்கு என்ன கணக்கு வைத்திருந்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள், யார் மறைத்தார்கள் என்று அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளலாம். ஓவியக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் மாநிறத்துக்கு ஒரு பக்கமாவது கேட்கலாம். ஏடு தேடி ஊர் ஊராகப் போனவர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். இந்த ஏடுகள் உயிரோடு இருக்கின்றன, பக்கத்துத் தெருவில்.